கூட வேல பாத்த அக்கா இறந்துட்டாங்க, நான் இவ்ளோ அழறது சரியா?

வணக்கம் மேடம்,

வீட்லயும் சொல்ல முடியல, ஆபீஸ்லயும் சொல்ல முடியல, அதான் உங்களுக்கு எழுதறேன். பேர் வேண்டாம். ஒரு கம்பெனில அக்கவுண்ட்ஸ் செக்‌ஷன்ல இருக்கேன், கல்யாணம் ஆகி ஒரு பையன் இருக்கான். என்கூட வேல பாத்த ஒரு அக்கா மாரடைப்பு வந்து இறந்துட்டாங்க, ஆறு மாசம் ஆகப் போகுது. வெள்ளிக்கிழம சாயங்காலம் "மிச்சத்த திங்கக்கிழம சேந்து பாக்கலாம், நீ மொதல்ல கெளம்பு, பையன் காத்துட்டு இருப்பான்"னு சொல்லி என்ன அனுப்பி வச்சாங்க. ஞாயித்துக்கிழம காலைல ஆபீஸ் குரூப்ல மெசேஜ் வருது. அதுல அவங்க முழுப் பேர் போட்டிருந்துச்சு, நான் அக்கான்னே கூப்ட்டு பழகுனதால சட்டுனு புரியல, வேற யாரோன்னு நெனச்சு அத அக்காவுக்கே ஃபார்வர்ட் பண்ணி யாருக்கா இதுன்னு கேக்க போனேன் மேடம். அவங்க போட்டோ தெரிஞ்சதும்தான் கை நின்னுச்சு.

அவங்க எப்படிப்பட்டவங்கன்னு கொஞ்சம் சொல்லணும், இல்லன்னா நான் சொல்றது உங்களுக்கு புரியாது. பையன் பொறந்து வீட்ல இருந்துட்டு நான் திரும்ப வேலைக்கு வந்தப்போ எல்லாம் மறந்து போச்சு, சாஃப்ட்வேரும் மாறிடுச்சு, சின்னப் பசங்க எல்லாம் டக்கு டக்குன்னு பண்றாங்க நான் மட்டும் முழிச்சுட்டு இருந்தேன். அக்கா தன்னோட வேலைய முடிச்சுட்டு பக்கத்துல சேர் போட்டு உக்காந்து சொல்லித் தருவாங்க, யாராவது பாத்தா "எனக்கு ஒரு டவுட்டு, அதான் இவகிட்ட கேட்டுட்டு இருக்கேன்"னு சொல்லுவாங்க. மாசக் கடைசில கணக்கு முடிக்கற ஷீட் ஒண்ணு இருக்கு, அதுல நான் எங்கெங்க தடுமாறுவேன்னு தெரிஞ்சு ஒவ்வொரு செல்லுலயும் கமெண்ட் எழுதி வச்சிருந்தாங்க. "இங்க ரவுண்டிங்ல கொஞ்சம் இடிக்கும், பதறாத, கீழ போனா சரியாயிடும்." இன்னொரு எடத்துல "இது வரைக்கும் வந்துட்டியா, எந்திரிச்சு ஒரு நடை நடந்துட்டு வந்து மீதிய பாரு." இப்பவும் அந்த செல்லு மேல மவுஸ் வச்சா அவங்க பேரோட அந்த கமெண்ட் வருது. மாசா மாசம் வருது. அடுத்து புது சாஃப்ட்வேர் வரப்போகுதாம், பழைய ஷீட்டெல்லாம் எடுத்துடுவாங்களாம், அத கேட்டதுல இருந்து எனக்கு தூக்கம் சரியா இல்ல, விடியக்காலைல மூணு மணிக்கு முழிப்பு வந்துடுது.

ஒரு தடவ ஒரு பில்லுக்கு ரெண்டு தடவ பணம் போயிருந்தத அக்காதான் கண்டுபிடிச்சாங்க. மீட்டிங்ல எழுந்து நின்னு என் பேர சொல்லி "இவதான் பாத்தா"ன்னுட்டாங்க. எனக்கு ஒண்ணும் ஓடல. வெளிய வந்து ஏன்க்கா இப்படின்னு கேட்டா "நீயும் பாத்திருப்ப, நான் அஞ்சு நிமிஷம் முன்னாடி பாத்தேன், அவ்ளோதான வித்தியாசம்"னு போயிட்டாங்க. அதுக்கப்புறம்தான் இந்த ஆபீஸ்ல என்ன ஒரு ஆளா மதிக்க ஆரம்பிச்சாங்க. அவங்க டெஸ்க்ல கீழ் டிராயர பூட்டவே மாட்டாங்க, தலைவலி மாத்திரை, நாப்கின், ஊசி நூல், எல்லா போனுக்கும் சார்ஜர், ஒரு கவர்ல சில்லற, எல்லாம் இருக்கும், யார் வேணாலும் கேக்காம எடுத்துக்கலாம், தீந்தா அவங்களே நிரப்பி வச்சிடுவாங்க.

எங்க அம்மாவுக்கு ஆபரேஷன் ஆனப்போ பணம் குடுத்தாங்க. பாதி திருப்பி குடுத்தேன், மீதிய குடுக்க போனப்போ எல்லாம் "இருக்கட்டும், இப்ப என்ன அவசரம்"னே தள்ளிட்டு வந்தாங்க. யார்கிட்டயும் சொல்லாதன்னு வேற சொன்னாங்க. அவங்க வீட்ல இது தெரியுமான்னு எனக்கு தெரியாது.

ஆபீஸ்ல ஒரு மெயில் வந்துச்சு, ரெண்டு நிமிஷம் எழுந்து நின்னோம், அவ்ளோதான். அன்னைக்கு லீவு கேட்டா ஃபார்ம்ல "உறவு முறை"ன்னு ஒரு கட்டம் இருக்கு, அதுல என்ன எழுதறதுன்னு தெரியாம காய்ச்சல்னு சொல்லி லீவு போட்டேன். சீக்கிரமே அவங்க ஐடிய எடுத்துட்டாங்க, டிராயர்ல இருந்தத எல்லாம் ஒரு அட்டப்பெட்டில கொட்டி எங்கயோ வச்சுட்டாங்க, புதுசா ஒரு பொண்ண அந்த சீட்ல உக்கார வச்சுட்டாங்க. பாவம் அந்தப் பொண்ணு ஒண்ணும் பண்ணல, ஆனா அவ அந்த சேர இழுக்கற சத்தம் கேட்டாலே எனக்கு நெஞ்ச அடைக்குது. அக்கா நடந்தா சாவிக்கொத்து சத்தம் கேக்கும், அது இப்பவும் சில நேரம் காரிடார்ல கேக்குது மேடம், திரும்பி பாத்தா யாரும் இல்ல. எனக்கு மனசுல ஏதாவது ஆயிடுச்சான்னு பயமா இருக்கு.

இன்னொண்ணு சொல்லணும், சொல்லவே ஒரு மாதிரி இருக்கு. அவங்க இறந்தப்புறம் ஒவ்வொருத்தரா சொல்றாங்க, எங்க செக்யூரிட்டி பையனுக்கு காலேஜ் ஃபீஸ் கட்டினது, இன்னொரு டிபார்ட்மென்ட் பொண்ணு வீட்ல பிரச்சனைன்னு அழுதப்போ தன் வீட்ல தங்க வச்சது. கேக்க பெருமையாதான் இருக்கு, ஆனா உள்ள ஒரு ஓரத்துல வலிக்குது. எனக்குன்னு ஒரு அக்கா இருந்தாங்கன்னு நெனச்சேன், எல்லாருக்கும் அப்படித்தான் இருந்திருக்காங்க.

இப்ப எல்லாரும் என்கிட்ட வராங்க. "அக்கா இருந்தா கேட்டிருப்பேன், இப்ப நீங்கதான்"னு சொல்றாங்க. நானும் என் டிராயர்ல அதே மாதிரி எல்லாம் வாங்கி வச்சேன். அவங்க வேலையில பாதி என் தலைல விழுந்துச்சு, புதுப் பொண்ணுக்கும் நான்தான் சொல்லித் தரணும், யாருக்கும் முடியாதுன்னு சொல்ல வரமாட்டேங்குது, சொன்னா அக்காவுக்கு துரோகம் பண்ற மாதிரி இருக்கு. ராத்திரி வீட்டுக்கு வந்தா பையன்கிட்ட பேசக்கூட தெம்பு இல்ல. அவர் நல்லவர்தான், ஆனா "ஆபீஸ்ல கூட வேல பாத்தவங்கதான, சொந்த அக்கா மாதிரி ஏன் இப்படி பண்ற"ன்னு கேக்கறாரு. கூட வேல பாக்கற ஒருத்தர் துக்கத்துக்கு அஞ்சு நிலை இருக்குன்னு ஒரு படம் அனுப்பினாரு. அதுல நான் எங்க இருக்கேன்னே தெரியல, ஒரு நாள் கோவம், ஒரு நாள் ஒண்ணுமே இல்லாத மாதிரி சிரிச்சுட்டு இருக்கேன், அப்படி சிரிச்ச நாள்ல ராத்திரி ரொம்ப அழறேன்.

அக்கா வீட்டுக்கு ஒரு தடவ போனேன். அவங்க பொண்ணு காலேஜ் படிக்குது, "அம்மா ஆபீஸ்ல எப்படி இருப்பாங்க ஆன்ட்டி"ன்னு கேட்டுச்சு, எனக்கு தொண்ட அடச்சுகிச்சு, ஒண்ணும் சொல்லாம வந்துட்டேன். அப்புறம் போகல.

எனக்கு இவ்ளோ அழ உரிமை இருக்கா மேடம்? அந்தப் பணத்த என்ன பண்றது? நான் இதுல இருந்து எப்படி வெளிய வர்றது?

இப்படிக்கு,
அக்காவோட தங்கச்சி


ஆலோசகர் பதில்:

அன்புத் தோழிக்கு,

மொதல்ல உங்க மொத கேள்விக்கு நேரா பதில் சொல்லிடறேன். இவ்ளோ அழலாம். இதுக்கு யாரும் உங்களுக்கு உரிமை தரணும்னு இல்ல. முழிச்சிருக்கற நேரத்துல பெரும்பகுதிய நாம ஆபீஸ்லதான் கழிக்கறோம், உங்களுக்கு தெரியாத ஒண்ண தெரியாதுன்னு தைரியமா சொல்ல முடிஞ்ச ஒரே ஆள் அங்க அவங்கதான். அப்படி ஒருத்தர் போனா ரத்த சொந்தமா இல்லையான்னு மனசு பாக்காது.

ஆனா உங்கள சுத்தி இருக்கறவங்க பாக்கறாங்க, அதான் இங்க பிரச்சனையே. கென்னத் டோகான்னு ஒரு அமெரிக்க ஆய்வாளர் 1989-ல இதப்பத்தி ஒரு புத்தகமே தொகுத்தார். ஊர் அங்கீகரிக்காத துக்கம்னு ஒண்ணு இருக்கு, செத்தவங்க நமக்கு "முறையான" உறவா இல்லாதப்போ நாம அழறதுக்கு இடமும் இல்ல, நமக்கு ஆறுதல் சொல்ல ஆளும் வரமாட்டாங்க, லீவும் கிடைக்காதுன்னு சொன்னார். நண்பர்கள், கூட வேல செய்யறவங்க, பிரிஞ்சு போன கணவன் மனைவி, இவங்கெல்லாம் அதுல வர்றவங்கதான். உறவு முறைன்னு ஒரு கட்டத்த பாத்து பேனாவ பிடிச்சுட்டு நின்னீங்களே, அந்த நிமிஷம்தான் அவர் சொன்னது. துக்கம் ஒரு சுமைன்னா, அத துக்கம்னு சொல்லவே கூடாதுன்னு இருக்கறது ரெண்டாவது சுமை, நீங்க ரெண்டையும் சேத்து தூக்கிட்டு இருக்கீங்க. காய்ச்சல்னு சொல்லி லீவு போட வேண்டி வந்தது உங்க தப்பே இல்ல, அந்த ஃபார்ம்ல உங்களுக்கு இடம் இல்ல.

உங்க வீட்டுக்காரரும் கெட்ட எண்ணத்துல கேக்கலன்னு நினைக்கறேன். அவருக்கு "ஆபீஸ் அக்கா"ங்கற ரெண்டு வார்த்தைதான் தெரியும். எனக்கு கஷ்டமா இருக்குன்னு மட்டும் சொன்னா அவருக்கு என்ன புரியும்? அந்த மீட்டிங்ல நடந்தத சொல்லுங்க, எந்திரிச்சு நடந்துட்டு வான்னு செல்லுக்குள்ள எழுதி வச்சிருந்தத சொல்லுங்க. எனக்கு இதெல்லாம் சொன்னதுக்கு அப்புறம்தான் நீங்க யார இழந்தீங்கன்னே தெரிஞ்சது, அவருக்கும் அப்படித்தான் இருக்கும். ஆறுதல் எதுவும் சொல்ல வேண்டாம், கேட்டா போதும்னு மொதல்லயே சொல்லிட்டு ஆரம்பிங்க.

அந்த அஞ்சு நிலை படத்த போன்ல இருந்து அழிச்சிடுங்க. எலிசபெத் கூப்ளர் ராஸ்ங்கற டாக்டர் 1969-ல அத எழுதினப்போ அவங்க பேசிப் பாத்தது சாகப்போற நோயாளிங்ககிட்ட. அத அப்படியே தூக்கிட்டு வந்து, இழந்து நிக்கறவங்களுக்கு படிக்கட்டு மாதிரி போட்டது பின்னாடி நடந்தது. ஒவ்வொரு படியா ஏறி கடைசில ஏத்துக்கற இடத்துக்கு போகணும்னு ஒரு விதியும் இல்ல. நீங்க சொன்ன அந்த சிரிச்ச நாள் ராத்திரி அழறது இருக்கே, அதுதான் உண்மையில நடக்கற விதம். மார்கரெட் ஸ்ட்ரோப், ஹென்க் ஷூட்னு ரெண்டு பேர் 1999-ல இத நல்லா விளக்கினாங்க, துக்கத்துல இருக்கறவங்க ஒரு நேரம் இழப்பு பக்கமும் இன்னொரு நேரம் அன்றாட வாழ்க்க பக்கமும் போயிட்டு போயிட்டு வருவாங்க, அப்படி போயிட்டு வர்றதுதான் ஆரோக்கியமே. சிரிச்ச நேரம் மனசு கொஞ்சம் ஓய்வு எடுத்துச்சு, அவ்ளோதான். அன்னைக்கு அக்காவ மறந்துட்டீங்கன்னு அர்த்தம் இல்ல.

சாவிக்கொத்து சத்தத்துக்கும் பயப்படாதீங்க. வேல்ஸ்ல டெவி ரீஸ்னு ஒரு டாக்டர், கணவனையோ மனைவியையோ இழந்த 293 பேர்கிட்ட பேசி 1971-ல வெளியிட்டார். கிட்டத்தட்ட பாதி பேருக்கு இந்த மாதிரி ஏதோ ஒரு அனுபவம் இருந்திருக்கு, நிறைய பேர் இறந்தவங்க பக்கத்துல இருக்கற மாதிரி உணர்ந்திருக்காங்க, சிலர் பாத்திருக்காங்க, சிலர் குரல கேட்டிருக்காங்க, அதுல நிறைய பேர் அதுவரைக்கும் யார்கிட்டயும் வாய திறக்கல. பைத்தியம்னு சொல்லிடுவாங்களோன்னு உங்கள மாதிரியே அவங்கள்லயும் பலர் பயந்திருப்பாங்கன்னு எனக்கு தோணுது. வருஷக் கணக்கா அந்த காரிடார்ல அந்த சத்தம் வந்தா அடுத்து யார் வருவாங்கன்னு உங்க காது கத்துகிட்டது, அந்தப் பழக்கம் போக கொஞ்ச காலம் ஆகும். திரும்பி பாத்துட்டு, யாரும் இல்லன்னு தெரிஞ்சு வலிக்குது பாத்தீங்களா, அப்படி தெரியற வரைக்கும் உங்க புத்தி தெளிவாத்தான் இருக்கு.

எல்லாருக்கும் அப்படித்தான் இருந்திருக்காங்கன்னு எழுதினீங்க. சொல்ல ஒரு மாதிரி இருக்குன்னு வேற எழுதினீங்க, அத மறைக்காம எழுதினதுக்கு நன்றி. செக்யூரிட்டி பையனுக்கு ஃபீஸ் கட்டினாங்க, சரி. ஆனா ரவுண்டிங்ல இடிக்கும் பதறாதன்னு எழுதினது யாருக்கு? நீங்க எந்த லைன்ல பதறுவீங்கன்னு ஒருத்தர் தெரிஞ்சு வச்சிருந்தாங்க. எல்லாருக்கும் குடுக்கற மனசு இருந்ததாலதான் உங்களுக்கும் குடுத்தாங்க, ஆனா உங்களுக்கு குடுத்தது உங்களுக்குன்னு பாத்து அளந்து தெச்சது, அத வேற யாரும் போட்டுக்க முடியாது.

இப்ப எனக்கு உண்மையிலேயே கவலையா இருக்கற விஷயத்துக்கு வரேன். உங்க அழுகை எனக்கு கவலையா இல்ல. உங்க டிராயர்தான் கவலையா இருக்கு. நீங்க அக்காவா மாறப் பாக்கறீங்க. ஆபீஸும் உங்கள அப்படி மாத்தப் பாக்குது, அது அவங்களுக்கு வசதியா இருக்கு. பிரியமானவங்க போனதும் அவங்க செஞ்சத நாம செய்யணும்னு தோணறது இயல்பு, அதுல தப்பு இல்ல, ஆனா நீங்க அவங்க செஞ்சதுல ஒண்ணு ரெண்ட எடுத்துக்கல, மொத்த ஆளையும் எடுத்து தோள்ல போட்டுகிட்டீங்க. அவங்களுக்கு அது எத்தன வருஷத்துல வந்த பழக்கமோ, யாருக்கு குடுத்தாங்க, யாருக்கு முடியாதுன்னு சொன்னாங்க, எப்போ போதும்னு நிறுத்தினாங்க, அதெல்லாம் நமக்கு தெரியாது. குடுத்தது மட்டும்தான் வெளிய தெரிஞ்சது. தானா வந்த மனசுல குடுக்கறதும், துரோகம் ஆயிடுமோன்னு பயந்து குடுக்கறதும் கைல பாத்தா ஒரே மாதிரி இருக்கும், உடம்புக்கு வித்தியாசம் தெரியும், உங்களுக்கு ராத்திரி பையன்கிட்ட பேச தெம்பு இல்லாம போறது அதனாலதான்.

நீங்க எழுதினதுல அக்கா உங்ககிட்ட பேசின வார்த்தைய எல்லாம் தனியா எடுத்து பாருங்க. கெளம்பு, பையன் காத்துட்டு இருப்பான். பதறாத. எந்திரிச்சு நடந்துட்டு வா. இப்ப என்ன அவசரம். ஒரு எடத்துலயாவது இன்னும் கொஞ்சம் செய், இன்னும் கொஞ்ச நேரம் இருன்னு சொல்லியிருக்காங்களா? அக்காவுக்கு துரோகம்னு ஒண்ணு இருந்தா, அவங்க சீக்கிரம் அனுப்பி வச்ச வீட்டுக்கு நீங்க லேட்டா போறதுதான்னு நான் சொல்லுவேன்.

அதனால கொஞ்சம் பிரிச்சுக்கலாம். அவங்க வேலையில பாதி உங்க தலைல விழுந்ததா சொன்னீங்களே, அது துக்கம் சம்பந்தப்பட்டதே இல்ல, ஆள் பத்தாத பிரச்சன. எந்த வேல எவ்ளோ நேரம் எடுக்குதுன்னு எழுதி மேனேஜர்கிட்ட குடுங்க, அழாம, அக்கா பேர இழுக்காம, வேலையா மட்டும் பேசுங்க. ஆளுங்க வந்து கேக்கறதுக்கு "இப்ப முடியல"ன்னு சொல்லி பழகுங்க, மொதல் தடவ ரொம்ப கஷ்டமா இருக்கும், அவங்க முகம் மாறும், மாறட்டும். டிராயர வச்சுக்கணுமா வேண்டாமான்னு நீங்களே முடிவு பண்ணுங்க, அது சந்தோஷமா இருந்தா வச்சுக்கங்க, காலியானா உடனே நிரப்பணும்னு இல்ல. புதுப் பொண்ணுக்கு வேலைக்கு தேவையானத மட்டும் சொல்லிக் குடுங்க, இப்போதைக்கு அது போதும், பிரியம் வரணும்னு உங்கள நீங்களே நெருக்காதீங்க. அந்த சேர் சத்தம் தாங்கலன்னா கொஞ்ச நாள் வேற எடத்துல உக்கார வழி இருக்கான்னு கேளுங்க, இது ஒண்ணும் பெரிய சலுக இல்ல.

ஷீட்டுல இருக்கற கமெண்ட பத்தி. துக்கம்னா செத்தவங்க மேல இருக்கற பற்ற கொஞ்சம் கொஞ்சமா கழட்டி எடுக்கறதுன்னு 1917-ல ஃப்ராய்ட் எழுதினார், ரொம்ப காலம் எங்க துறையில அதத்தான் சொல்லிட்டு இருந்தோம். டென்னிஸ் கிளாஸ், ஃபிலிஸ் சில்வர்மன், ஸ்டீவன் நிக்மன்னு மூணு பேர் 1996-ல அத மறுத்தாங்க. உறவு முடியறது இல்ல, வேற மாதிரி தொடருது, அது நோய் இல்லன்னு அவங்க தொகுத்த புத்தகம் சொல்லுச்சு. நானும் அந்தப் பக்கம்தான். இதுல இருந்து எப்படி வெளிய வர்றதுன்னு கேட்டீங்க, வெளிய வரணும்னே இல்ல, அக்காவ கூட வச்சுகிட்டே உங்க நாளு ஓடணும், அவ்ளோதான் வேணும். அதனால அந்த கமெண்ட காப்பாத்துங்க. ஆனா ஃபைல அப்படியே வீட்டுக்கு மெயில் பண்ணிடாதீங்க, அதுல கம்பெனி கணக்கு இருக்கு, வீணா மாட்டிக்குவீங்க. மேனேஜர்கிட்ட சொல்லிட்டு, கணக்கு எதுவும் இல்லாம கமெண்ட்ல இருக்கற வரிய மட்டும் ஒரு நோட்டுல கையால எழுதி எடுத்துக்கங்க. சாஃப்ட்வேர் மாறறதுக்கு முன்னாடியே பண்ணிடுங்க, இத தள்ளிப் போடாதீங்க. அப்படியே அந்த அட்டப்பெட்டி எங்க இருக்குன்னு அட்மின்ல கேளுங்க. அதுல இருக்கற பொருள் அவங்க வீட்டுக்கு போய் சேரணும்.

தூக்கத்த பத்தி ஒரு எச்சரிக்க. உலக சுகாதார நிறுவனத்தோட நோய் வகைப்பாட்டுல, நீடிச்ச துக்கம்னு ஒரு பாதிப்ப சேத்திருக்காங்க. குறைஞ்சது ஆறு மாசம் தாண்டியும், அந்த ஏக்கமோ வேதனையோ கொஞ்சம்கூட தணியாம அன்றாட வாழ்க்கையவே முடக்கிப் போட்டா அது தனியா கவனிக்க வேண்டிய ஒண்ணு. அமெரிக்க மனநல மருத்துவர்கள் பெரியவங்களுக்கு அத பன்னெண்டு மாசம்னு வச்சிருக்காங்க. ரெண்டு அமைப்பும் ரெண்டு கணக்கு சொல்லுதுன்னா பாத்துக்கங்க, ஆறு மாசத்துல சரியாயிடணும்னு உங்களுக்கு யாரும் கெடு வைக்க முடியாது. நீங்க எழுதினத வச்சு பாத்தா வேலைக்கு போறீங்க, சிரிக்கறீங்க, அழறீங்க, எனக்கு அது முடங்கின மாதிரி தெரியல. ஆனா லெட்டர வச்சு மட்டும் நான் உறுதியா சொல்லக் கூடாது. விடியக்கால முழிப்பு வாரக்கணக்கா தொடர்ந்தா, சாப்பாடு இறங்கலன்னா, எதுலயும் அர்த்தம் இல்லன்னு தோணிட்டே இருந்தா நேர்ல ஒரு டாக்டரையோ மனநல ஆலோசகரையோ பாருங்க. நாமும் போயிடலாம்னு ஒரு எண்ணம் எட்டிப் பாத்தா நாள் பாக்க வேண்டாம், அன்னைக்கே வீட்டுக்காரர்கிட்ட சொல்லிட்டு அவரையும் கூட்டிட்டு போங்க.

பணம். இது நீங்க பயப்படற அளவுக்கு சிக்கல் இல்ல. அக்கா காட்டின பிரியத்துக்கு கணக்கு கிடையாது, அத யாராலயும் திருப்ப முடியாது, திருப்ப வேண்டியதும் இல்ல. ஆனா பணத்துக்கு கணக்கு இருக்கு. இருக்கட்டும்னு சொன்னது அக்கா, அவங்க இப்ப இல்ல, அது அவங்க குடும்பத்தோட பணம், ஒரு பொண்ணு காலேஜ் படிச்சுட்டு இருக்கு. ரெண்டையும் ஒண்ணா முடிச்சு போட்டு வச்சிருக்கறதாலதான் பாரமா இருக்கு. அவங்க வீட்டுக்காரர்கிட்ட நேரா சொல்லுங்க, எங்கம்மா ஆபரேஷனுக்கு அக்கா குடுத்தாங்க, இவ்ளோ பாக்கி இருக்கு, இப்படி இப்படி குடுத்துடறேன்னு. மொத்தமா முடியலன்னா மாசா மாசம் குடுங்க. அவர் வேண்டாம்னா அது அவர் முடிவு, அப்பவும் உங்க மனசு லேசாயிடும். யார்கிட்டயும் சொல்லாதன்னு அக்கா சொன்னது உங்க மானத்த காப்பாத்த, நீங்களே சொல்றதுல எந்த வாக்கும் உடையாது. ஆனா செக்யூரிட்டி பையனோடதும் அந்தப் பொண்ணோடதும் அவங்கவங்க கதை, அத அங்க போய் நீங்க சொல்லாதீங்க. அவங்களே சொல்ல பிரியப்பட்டா கூட்டிட்டு போங்க.

கடைசியா, நீங்க போற போக்குல எழுதிட்டு தாண்டிப் போன ஒரு விஷயம். அம்மா ஆபீஸ்ல எப்படி இருப்பாங்க ஆன்ட்டின்னு அந்தப் பொண்ணு கேட்டுச்சே. உங்க லெட்டர் முழுக்க எனக்கு உரிமை இருக்கா, நான் யார்னு கேட்டிருக்கீங்க. அந்த வீட்ல யாருக்கும் தெரியாத ஒரு பெண்மணிய நீங்க கூட வச்சிருந்தீங்க. மீட்டிங்ல எழுந்து நின்னு இன்னொருத்தி பேர சொன்ன அம்மாவ அந்தப் பொண்ணு பாத்ததே இல்ல. வீட்ல அது பாத்தது வேலைக்கு கெளம்பிப் போற அம்மாவ, களைச்சு திரும்பி வர்ற அம்மாவ. நடுவுல இருந்த அந்த முழு நாளும் உங்ககிட்டதான் இருக்கு. அது இப்ப எவ்ளோ பசியோட அந்தக் கேள்விய கேட்டிருக்கும்னு யோசிச்சு பாருங்க. அன்னைக்கு உங்களுக்கு தொண்ட அடச்சது சரி, வாயால சொல்ல வராதுன்னா எழுதிக் குடுங்க.

பெருசா ஒண்ணும் எழுத வேண்டாம், அம்மா ரொம்ப நல்லவங்க, தங்கமானவங்கன்னு எழுதாதீங்க, அத எல்லாரும் சொல்லி அந்தப் பொண்ணுக்கு காது புளிச்சிருக்கும். நடந்தத எழுதுங்க. எனக்கு டவுட்டுன்னு சொல்லி பக்கத்துல உக்காந்தத, மீட்டிங்ல சொன்னத, வெளிய வந்து அஞ்சு நிமிஷம்தான வித்தியாசம்னு சொன்னத. எந்த மாதிரி விஷயத்துக்கு சிரிப்பாங்க, யார்மேல கோவம் வரும், பொண்ண பத்தி ஆபீஸ்ல என்ன பேசுவாங்க, கண்டிப்பா பேசியிருப்பாங்க, அத மறக்காம எழுதுங்க. நோட்டுல எடுத்த கமெண்ட் வரிங்கள அப்படியே சேருங்க. எழுதறப்போ உங்களுக்கு அழுகை வரும், வரட்டும், நிறுத்திட்டு அடுத்த நாள் எழுதுங்க. ஆபீஸ்ல இன்னும் ரெண்டு மூணு பேர் அவங்கவங்க பங்குக்கு எழுத ஒத்துகிட்டா சேத்துக்கங்க, அப்ப தெரியும் உங்க ஆபீஸ்ல உங்கள மாதிரியே எத்தன பேர் வாய திறக்காம அழுதுட்டு இருக்காங்கன்னு.

இந்த லெட்டரையும் பணத்தையும் மட்டும் ஒரே நாள்ல கொண்டு போகாதீங்க. மொதல்ல லெட்டர். பணம் பேசறது அவங்க அப்பாகிட்ட, வேற நாள்ல. ரெண்டும் சேந்து போனா கடனுக்காக எழுதின மாதிரி ஆயிடும். ஒரு வரி எழுதி நின்னுட்டாலும் பரவால்ல, அந்த ஒரு வரிய எனக்கு அனுப்புங்க, அங்க இருந்து எப்படி போகலாம்னு சேந்து பாப்போம்.

அன்புடன்,
உங்க ஆலோசகர்